கோம்பையில் ஒரு எரிமலை

கோம்பையில் எரிமலை வெடிக்கப் போகிறது என்று கேள்விப்பட்டதும் அறிவியல் வாத்தியார் விஜயபாண்டி சிரித்தார். சொன்னது ஜாய்ஸ் டீச்சர் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. அதே பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுப்பவர் ஜாய்ஸ்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு ராக்கம்மாளின் தென்னந்தோப்புக்குப் போனார். ஊரே அங்கே நின்றது. ராத்திரி பெய்த மழையில் தரை சொதசொதவென்று இருந்தது. தோப்பு ஓரத்தில் மண் கொதித்து, கறுப்புக் குழம்பாக வழிந்து, கண்ணாடி மாதிரி இறுகிக்கொண்டிருந்தது. புகை வேறு.

சுனாமி வந்த மறு வருசம் அது. பூமி என்ன வேண்டுமானாலும் செய்யும் என்று ஜனங்கள் நம்பிய நேரம்.

வாய்க்கால் மேட்டில் நின்று டீச்சர் பாடமே நடத்திக்கொண்டிருந்தார். பூமிக்கு அடியில் பாறை உருகுமாம். உருகியது கனம் குறைந்து மேலே ஏறி, ஓரிடத்தில் தேங்கி, விரிசல் கிடைத்தால் வெளியே வருமாம். வருவதும் ஒரே மாதிரி இல்லை. ரசம் போலத் தண்ணியாக இருந்தால் உள்ளிருக்கும் வாயு சுலபமாகப் பிரிந்துவிடும், குழம்பு சும்மா வழிந்து ஓடும். கேப்பைக்களி போலக் கெட்டியாக இருந்தால் வாயு மாட்டிக்கொள்ளும், மலையே வெடித்துச் சிதறும்.

"இது ரசமா களியா டீச்சரம்மா?" என்று கேட்டாள் ராக்கம்மாள்.

"களி."

கூட்டம் மளமளவென்று பின்னால் போனது. ஒருவர் ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று முத்துக்கருப்பன் எரிமலைக்கு நேர்ந்துகொண்டு, தூரத்தில் நின்றபடியே ஒரு தேங்காயை உருட்டிவிட்டார்.

விஜயபாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த மனுசி இப்படிப் புரளி கிளப்பலாமா? இந்தப் பக்கத்தில் எரிமலையே கிடையாது, அதன் பக்கத்தில் போய் நின்றே காட்டுகிறேன் என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈர மண்ணில் இறங்கினார்.

"அவரைப் பிடிங்க. புகை மூளைக்கு ஏறிருச்சு," என்றார் டீச்சர்.

நாலு பேர் அவரை அலாக்காகத் தூக்கிவந்து தென்னை மரத்தோடு துண்டால் கட்டினார்கள். தெளியட்டும் என்று தலையில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றினார்கள். நான் அறிவியல் வாத்தியார் என்று அவர் கத்தினார். ஆமா சார், ஆமா சார் என்று இன்னொரு குடம் ஊற்றினார்கள். இந்த அம்மாவின் வேலைக்கு உலை வைக்காமல் விடுவதில்லை என்று கட்டுப்பட்டபடியே முடிவு செய்தார் விஜயபாண்டி.

கொஞ்ச நேரத்தில் லைன்மேன் சங்கிலி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"லைனை நிப்பாட்டிட்டேன் டீச்சர். நீங்க போன் போட்டது நல்லதாப் போச்சு. ஈர மண்ணு. கிட்டப் போயிருந்தா ஆளைத் தூக்கியிருக்கும்."

விஜயபாண்டி அப்போதுதான் அண்ணாந்து பார்த்தார். அறுந்த மின்கம்பி ஒன்று கம்பத்தை ஒட்டித் தொங்கி, நுனி புகைக்குள் மண்ணில் கிடந்தது. மண்ணை உருக்கியது அதுதான்.

டீச்சரே வந்து கட்டை அவிழ்த்துவிட்டார்.

"கரண்டுன்னே சொல்லியிருக்கலாமே டீச்சர்," என்றார் விஜயபாண்டி.

"முதல்ல அதத்தான் சார் சொன்னேன். 'கரண்டுதானா'ன்னு எல்லாரும் கிட்ட வந்துட்டாக."