பன்னிரண்டாவது தட்டு

தொண்ணூற்று நான்கில், ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் அழகர்சாமி, வேலைகளை வரிசையாகத் தானே செய்துமுடிக்கும் ஒரு பேட்ச் ஃபைல் எழுதிவைத்தான். அவனுடைய புரோகிராம் கம்பைல் ஆனதும் அது தானே ஓடி, ஷெட்டிலிருந்த பதினொரு லேத்துகளுக்கும் தனித்தனியாகக் கட்டளை ஃபைல்களை எழுதிவிடும்.

பன்னிரண்டு ஃபைல்கள் வந்தன. எத்தனை முறை பார்த்தும் பிழை அகப்படவில்லை. பன்னிரண்டாவது லேத்துக்காகக் கட்டிய சிமெண்ட் மேடை ஷெட்டின் கோடியில் காலியாகத்தான் கிடந்தது, மிஷின் வரவேயில்லை. தினமும் அந்த ஃபைலை மட்டும் அழித்துவிட்டு, மற்றவற்றைக் கேபிள் வழியாக ஷெட்டுக்கு அனுப்புவான்.

ஆடி மாதத்தில் அலுத்துப்போய், அனுப்பும் வேலையையும் பேட்ச் ஃபைலிலேயே சேர்த்தான். இனி அழிப்பதற்கு இடைவெளி இருக்காது என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பகல் ஷிப்டு முடிந்ததும் கெம்பம்மா வந்தாள். லேத்துகள் சீவித் தள்ளி, அடியிலுள்ள தட்டுகளில் சேரும் இரும்புச் சுருளைக் கொட்டுவது அவள் வேலை.

“பன்னெண்டு தட்டும் கொட்டிட்டேன் சார்.”

“பதினொண்ணுதானேம்மா?”

“கோடியில அந்த மேடை மேல ஒண்ணு இருந்துச்சே. அதுலதான் சுருளு ஜாஸ்தி. சூடு ஆறுறதுக்குள்ள கை வச்சிட்டேன்.”

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கொப்பளித்திருந்தது.