முன்பக்கத்துக்கு மட்டும் ஏழு நிறம்

வீட்டுக்குள் அப்போது இருந்தவர்கள்: வீட்டை விற்றுக்கொடுக்கும் தரகர் கொரின், வாங்க வந்த டெரெக், நிறைமாதமாக இருந்த அவன் மனைவி ஹேலி, ஓசி பிஸ்கட்டுக்காக வந்த பக்கத்து வீட்டுக் கிழவர், அப்புறம் வெர்னா.

வெர்னா இருந்ததிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வாங்க வந்தவள் என்று நினைக்கட்டும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். பின்படிக்கட்டைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரன் இதுவரை வாசல்படிகூட ஏறவிட்டதில்லை. இன்றைக்கு எவரும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்து போட்டிருந்தார்கள்.

சமையலறையின் பின்கதவு பூட்டியிருந்தது.

“அங்க பாக்க ஒண்ணுமில்ல மேடம். முகப்பப் பாருங்க. சான் பிரான்சிஸ்கோவே இதத்தான் படம் பிடிக்குது” என்றாள் கொரின்.

முகப்பில் ஏழு நிறம். வெர்னாவின் மகன் எம்மெட் அடித்தது. பின்பக்கம் வெறும் பலகை. எதிரே இருக்கும் பூங்காவில் நின்று படம் பிடிப்பவர்களுக்கு அது தெரியாது.

ஹேலி வயிற்றில் கைவைத்தபடி கேட்டாள். “இங்க யாராவது செத்திருக்காங்களா?”

“இந்த மூணு வருஷத்துல ஒருத்தர்கூட இல்லம்மா.”

பொய்யில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய சாவைத் தானாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை என்கிறது சட்டம். போன வியாழனோடு மூன்று வருடம் முடிந்தது. வெள்ளிக்கிழமை விற்பனைப் பலகையை நட்டார்கள்.

“என் பையன் செத்தான்” என்றாள் வெர்னா. “ அந்தக் கதவுக்குப் பின்னால. படி உளுத்துப்போச்சுன்னு சொல்லிட்டே இருந்தான். முதல்ல முன்பக்கத்த முடிடான்னுட்டாங்க.”

கிழவர் வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்லாமல் நின்றார். ஹேலி அழுதேவிட்டாள்.

டெரெக் கொரினை ஓரமாக அழைத்துப் போனான். குரலைத் தாழ்த்தத் தெரியாதவன்.

“அப்ப விலையக் குறைச்சுக் கேக்கலாம்ல?”

கொரின் யோசித்தாள். பிறகு பின்கதவின் சாவியை எடுத்து அவனிடம் கொடுத்தாள். “படியப் பாத்துட்டு வாங்க, பேசுவோம்.”

பூட்டு திறக்கும் சத்தம் கேட்டதும் வெர்னாவும் அந்தப் பக்கம் நடந்தாள். கொரின் அவள் முழங்கையைப் பிடித்து வாசலுக்குத் திருப்பினாள். அதிராமல், மரியாதையாக.

வெர்னா முன்படியில் நின்றாள். எதிர்ப் பூங்காவில் கேமராவோடு நின்றவன், தள்ளி நில்லுங்கள் என்று கையசைத்தான்.

அவளுக்குப் பின்னால், எம்மெட் கருநீலம் அடித்த கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டு விழுந்தது.