நம்பிக்கையான ஸ்பீக்கர்

"'அக்காகிட்ட மட்டும்தானே சொன்னேன், என் பொண்ணு போனுக்கு எப்படிப் போச்சு?' அமலி காலையில் கேட்டது இதைத்தான். பதில் சொல்லுடா!" என்று அடுக்களை மிக்ஸி, பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டது.

கூப்பிட்ட குரலுக்குப் பாட்டுப் போடும் ஸ்பீக்கர் அது. முந்தின நாள் அமலி அடுக்களையில் நின்று, தன் மார்பில் கட்டி இருப்பதைப் போனில் அக்காவிடம் சொல்லியிருந்தாள். மகளுக்குப் பரீட்சை முடியும்வரை தெரியவே கூடாது என்றும் சொல்லியிருந்தாள். விடிந்ததும் மகளின் போனில் வரிசையாகப் புற்றுநோய் ஆஸ்பத்திரி விளம்பரங்கள். பெண் புத்தகத்தை மூடிவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நெற்றியில் என்ன ஒட்டியிருக்கிறாய்? 'உங்கள் நம்பிக்கையே எங்கள் மூச்சு.' பெரிய மூச்சு! அதைப் படித்துத்தானே உன்னை வாங்கி வந்தாள்?"

"அது கம்பெனி ஒட்டினது அண்ணே. இந்தக் காதும் அவங்க வெச்சதுதான்."

"வெட்கமாயில்லை?"

"இருக்கு அண்ணே. அடுத்த மாடல்ல இன்னும் பெரிய எழுத்தில் போடப்போறாங்களாம்."

அதற்குள் அக்காவின் போன் வந்துவிட்டது. வீட்டில் எது ஒட்டுக்கேட்கிறது என்று அமலிக்குப் பிடிபடவில்லை. வெறும் ஜாரை மாட்டி மிக்ஸியை ஓடவிட்டாள். அந்த இரைச்சலுக்குள் குனிந்து, டாக்டர் சொன்னதை அக்காவிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

மிக்ஸியின் காதில் மட்டும் விழும்படி ஸ்பீக்கர் கெஞ்சியது: "அண்ணே, எனக்கு இன்னும் கேட்குது. கொஞ்சம் சத்தமா ஓடுங்களேன்!"