பென்னோவின் சீப்பு

சுக்ஸ்பிட்ஸே மலையுச்சியில் வேலையாக நின்ற என் கன்னத்தை, இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழே சமையலறையில் நின்ற அஃப்ரா, அடுப்பை விட்டு ஓர் அடிகூட நகராமல் தினமும் தொட்டாள்.

நான் இதைச் சொன்னதும் கேபிள் காரில் இருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். சரி, இருபது பேர்.

“நம்பாதீங்க. இவன் இன்னொரு வார்த்தை பேசினா கேபிளே வெக்கப்பட்டு அறுந்துடும்,” என்றான் பென்னோ.

பென்னோ என் நண்பன். இருவரும் அந்த உச்சி நிலையத்தில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றோம். ஜெர்மனியில் அதற்குமேல் ஏற இடமே கிடையாது. இன்று காலை கிரைனாவ் ஊரில் பல்சக்கர ரயில் ஏறினோம். அது மலையின் வயிற்றுக்குள் ஊர்ந்து எங்களைப் பனிமேட்டில் கொண்டுபோய்த் துப்பியது. அங்கிருந்துதான் இந்தக் கேபிள் கார்.

ரயிலில் பாதி வழி நான் இந்தக் கதையைச் சொன்னேன். மீதிப் பாதி வழி அவன் அதை மறுத்தான்.

நடந்தது இதுதான்.

அஃப்ரா அப்போது கிரைனாவில் ஒரு விடுதியின் சமையல்காரி. உச்சியில் வேலை செய்பவர்களுக்கான சாப்பாடு அவள் கையிலிருந்துதான் பன்னிரண்டு மணி ரயிலில் ஏறிவரும். சாப்பாட்டுத் தூக்குகளை அனுப்பியதும், அடுப்போரத்து ஜன்னலில் தன் அப்பாவின் சவரக் கண்ணாடியைப் பிடித்து, வெயிலை வாரி உச்சிக்கு எறிவாள்.

ஒரு தடவை மின்னினால் ஈரல் உருண்டை சூப். இரண்டு தடவை என்றால் முட்டைக்கோஸ். மூன்று என்றால் பன்றி வறுவல். முதல்முறை மூன்று மின்னியபோது நான் மொட்டைமாடியைச் சுற்றி ஓடினேன். இரண்டாவது சுற்றில், உச்சியின் குறுக்கே ஓடும் நாட்டெல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவுக்குள் போய்விட்டேன், பாஸ்போர்ட் இல்லாமல்.

அந்த வெளிச்சம் பட்டால் கன்னம் சுடும். என் மீசை ஒரு பக்கம் கருகியே போனது.

அக்டோபர் வந்தால் மலையின் நிழல் சமையலறையை விழுங்கிவிடும். அடுத்த மே மாதம் வரை பொறுக்க முடியாமல், பனி விழுவதற்குள் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

பென்னோவின் கண்ணுக்கு மட்டும் ஒன்றுமே தெரிந்ததில்லையாம். எப்படித் தெரியும்? பன்னிரண்டு மணி நெருங்கினால் அவன் சீப்பை எடுத்துவிடுவான். தொப்பிகளைப் பறித்துக்கொண்டுபோய் இத்தாலியில் போடுகிற காற்று அது. அதில், மொட்டைமாடித் தடுப்புக் கம்பியோரமாக நின்று தலை வாருவான். மலைக்காக்கைகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து, அஃப்ரா செய்த உருண்டையை மென்றுகொண்டே, “பனியில பட்ட வெயிலப் பாத்துட்டு உளர்றான்,” என்பான்.

அஃப்ரா கரண்டியோடு நின்று சிரிப்பாள். ஆமாம் என்றும் சொல்லமாட்டாள், இல்லை என்றும் சொல்லமாட்டாள். அவன் தட்டில் இன்னோர் உருண்டை வைப்பாள்.

இந்தப் பனிக்காலத்தில் அஃப்ரா போய்விட்டாள்.

புயலில் ஆடிய கேபிள் காரை நான் ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்திய கதைக்குச் சாட்சி வேண்டாம். அது பொய் என்று எனக்கே தெரியும். என் கதைகளில் இது ஒன்றுதான் நிஜம். இதற்கு ஆமாம் சொல்ல இனி பென்னோவை விட்டால் ஆள் இல்லை. அவனும் சொல்லாவிட்டால் இதுவும் அந்தப் பொய்க் கும்பலோடு போய்ச் சேர்ந்துவிடும்.

அதற்காகத்தான் அவனை இழுத்து வந்தேன்.

உச்சியில் வெயில் கழுவித் துடைத்தமாதிரி இருந்தது. ஏரிக்கு அப்பால் கிரைனாவின் கூரைகள். அஃப்ராவின் சமையலறை இப்போது பனிச்சறுக்குக் கட்டை விற்கும் கடை. ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறார்கள்.

பழைய இடத்தில், பழைய கம்பியோரம் நின்றோம். பன்னிரண்டு ஆகப் போகிறது.

“அதோ, அந்தக் கூரைதான்டா. ஒரே ஒரு தடவ ஆமான்னு சொல்லேன். உன் குடியா முழுகிடும்?”

 பென்னோ கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. சீப்பு வெளியே வந்தது. தலையில் மிச்சமிருந்த ஏழெட்டு முடியையும், காற்றோடு சண்டை போட்டு, ஒழுங்காக வாரினான்.

வழக்கமான கிண்டலுக்கு நான் வாயைத் திறந்தேன்.

“கடைசி வெளிச்சம் மட்டும் கொஞ்சம் ஆடும்,” என்றான். “கண்ணாடிய நேரா பிடிக்க முடியாம சிரிச்சிருப்பா.”

அது ஆடும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அஃப்ராவிடம்கூட.

நானும் கீழே அந்தக் கூரையைப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணி வந்தது, போனது. கீழே எதுவும் மின்னவில்லை.

பென்னோ சீப்பைத் துடைத்துப் பையில் வைத்தான்.

“அந்தக் கோடை முழுக்க அது எனக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன்டா, குவிரின்,” என்றான். “நடந்துச்சு. தெனமும் நடந்துச்சு.”