வெளியேறு

"'வெளியேறு'ன்னு இருக்க வேண்டிய பட்டன்ல 'போயிட்டு வரேன்'னு எழுதினது நீயா?" என்று தணிகை அண்ணன் கேட்டார். அவருடைய கம்ப்யூட்டர் சென்டரில் நான் பெருக்குகிறேன். ஒரு கட்டற்ற மென்பொருளை அவர் தமிழாக்கிக்கொண்டிருந்தார்.

"யார் வேணும்னாலும் திருத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப நானும் திருத்தலாம்ல? கம்ப்யூட்டர் என்ன விருந்தாளியா, சொல்லிட்டுப் போக?" சிரித்துக்கொண்டே அதை அழித்து 'வெளியேறு' என்று மாற்றினார்.

பள்ளியை விட்டபின், வீட்டில் எதையாவது எழுதிவைக்கும் என் நோட்டுக்கு வெளியே நான் எழுதிய ஒரே வரி அது. எல்லோருக்கும் சொந்தமான ஒன்றில் எனக்கு எவ்வளவு சொந்தம் என்று புரியவில்லை.

அவர் 'வெளியேறு' பட்டனை அழுத்தினார். சாவியை என்னிடம் கொடுத்தார். தினமும் "போயிட்டு வரேன்மா" என்பவர், வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.