ஆம்பளைங்க வெளிய போங்க

"ஆம்பளைங்கல்லாம் செத்த வெளிய போங்கப்பா. இது பொம்பளைங்க சமாச்சாரம்."

சோரியாங்குப்பம் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குப் பேரவைச் செயலாளர் கலைவேந்தன் மைக்கில் சொன்னார். அடுத்து மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டம். நோயிலிருந்து மீண்டு வந்த மூன்று பேருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு.

ஆண்கள் பக்கம் மளமளவென்று காலியானது. சவரிநாதன் மட்டும் அசையவில்லை. கரும்பு வெட்டுகிறவர். எந்த வெயிலிலும் சட்டையைக் கழற்றாத மனுஷன்.

"உனக்குத் தனியா சொல்லணுமா? இங்க இன்னா வேல உனக்கு?"

"பட்டியல்ல ஜோஸ்பின் பேரு இருக்குதுல்ல? நான் போவ மாட்டேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி ஜோஸ்பின் பதறி ஓடிவந்தாள். "வாய்யா, வூட்டுக்குப் போயிடலாம். எனக்குப் பொன்னாடையும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

"நீ போய் உன் எடத்துல உக்காரு. ரெண்டு வருஷமா தலையக் குனிஞ்சது போதும்."

போதும்தான். அந்த நோய் ஜோஸ்பினுக்கு என்று ஊருக்குள் பேச்சு வந்த நாளிலிருந்து, மாதா திருவிழாக் கஞ்சி காய்ச்சும்போது அவளை அடுப்புப் பக்கமே விடுவதில்லை. தொத்திக்குமாம்! புருஷனும் பெண்டாட்டியும் அரியூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினால் முதுகுக்குப் பின்னால் குசுகுசுப்பு வேறு. பாவி ஜனங்கள்! அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

மாதர் சங்கத் தலைவி ரோஸ்லினுக்குப் பொறுக்கவில்லை. கலைவேந்தன் கையிலிருந்த மைக்கை வெடுக்கென்று வாங்கினாள். "அவரு இருந்தா இருந்துட்டுப் போவட்டும். பேரு வாசிக்கிறேன், வாங்க. காசம்மாள்! ஆரோக்கியசெல்வி!"

இருவருக்கும் பொன்னாடை போர்த்தியாயிற்று. கைதட்டல் ஓயவே இல்லை.

"ஜோஸ்பின்!"

ஜோஸ்பின் எழுந்திருக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சவரிநாதன் எழுந்து விறுவிறுவென்று மைக்கை நோக்கி நடந்தார்.

கலைவேந்தன் குறுக்கே வந்து மறித்தார். "பொம்பளைக்குப் போத்துற பொன்னாடைய நீ வாங்குறியா? மானம், ரோஷம் இல்ல?"

"இருந்துச்சு. அதனாலதான் ரெண்டு வருஷமா வாயத் தொறக்கல. வழிய வுடு."

ரோஸ்லின் மைக்கை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இடது மார்பு இருந்த இடத்தில் குறுக்கே ஒரு நீளத் தழும்பு.

"நோவு எனக்கு! ஊரு என்னப் பாத்து சிரிக்குமேன்னு, தனக்குன்னு சொல்லிப் பழியச் சுமந்தவ அவ. வெளிய போன ஆம்பளைங்கள உள்ள கூப்புடுங்க, அவங்களுக்கும் மாரு இருக்குதில்ல!"