குடல் அசைந்த நேரம்

பூங்கோதைக்குக் கர்ப்பப்பையை எடுத்து இருபது மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஆபரேஷனில் நின்றுபோன குடலை இயக்க வயிற்றில் ஒட்டியிருந்த மின்பட்டை விறுவிறுவென்று துடித்தது. குடல் புரண்டு, காற்றுப் பிரிந்தது. உடனே பட்டையிலிருந்து அவள் கைபேசிக்குச் செய்தி வந்தது: ‘குடல் இயங்குகிறது. நோயாளி தேறிவிட்டார். விடுப்பு முடிந்தது.’ அவள் தையல் வேலை பார்க்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் அதே செய்தி போனது.

அடுத்த நிமிஷமே சூப்பர்வைசர் வீடியோவில் வந்தார். “நாளைக்குக் காலைல ஷிப்டுக்கு வந்துரும்மா. மிஷின் சும்மா நிக்குது.”

“தையல் இன்னும் காயலைங்க. எந்திரிச்சு நிக்கவே முடியல.”

“பட்டை பொய் சொல்லாதும்மா. முன்னெல்லாம் குடல் அசையவே மூணு நாலு நாள் ஆகுமாம்.”

பூங்கோதைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “குசு விட்டா ஆள் தேறிட்டாளாங்க? நீங்களுந்தான் தினமும் விடறீங்க. வயித்தை அறுத்துக்கிட்டு வந்து மிஷின்ல உக்காருங்க, பாக்கலாம்!”

கைபேசியை அணைத்தாள். பட்டையைப் பிய்த்துத் தரையில் எறிந்தாள். நர்ஸ் எஸ்தர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

“அக்கா, அதைக் கழட்டினா குடல் மறுபடியும் நின்னு போயிரும். வயிறு உப்பி, வலி உசுரை எடுத்துரும்.”

“நிக்கட்டும் சிஸ்டர். குடல் நின்னாத்தானே எனக்கு லீவு?”

எஸ்தர் குனிந்து பட்டையை எடுத்தார். பக்கத்துக் கட்டிலில், காலையில்தான் ஆபரேஷன் முடிந்து வந்திருந்த பெண் மெதுவாகப் போர்வையை விலக்கி, வயிற்றில் ஒட்டியிருந்த பட்டையைக் காட்டினாள்.

“சிஸ்டர், என்னோடதையும் எடுத்துருங்க.”